குழி வாயில் மூக்கு வைத்தவன்

பினாங்கில் சாக்கடைக் குழிகளில் இறங்கி வேலை பார்த்த ஏழு பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் நான்தான் மூக்கு. கேலிக்குச் சொல்லவில்லை, அது ஒரு பொறுப்பு. லாரி ஓட்ட ஒருவர், பம்பு பார்க்க ஒருவர் என்று இருந்ததைப் போல, குழி மூடியைத் திறந்ததும் குப்புறப் படுத்து மோந்து பார்த்து, இறங்கலாமா கூடாதா என்று சொல்லவும் ஒரு ஆள் இருந்தார். எண்பதுகளில் ஒன்பது வருடம் அந்த ஆள் நான். குத்தகை எடுத்திருந்த சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். காற்றைச் சோதிக்க அவர் எந்தக் கருவியும் வாங்கித் தந்ததில்லை. சம்பளம் கொடுத்து ஒரு மூக்கு வைத்திருக்கும்போது கருவி எதற்கு என்று நினைத்திருப்பார்.

வேலை இப்படித்தான் நடக்கும். இரண்டு கொக்கி போட்டு மூடியைத் தூக்குவார்கள். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் காத்திருப்போம். பிறகு நான் படுப்பேன். அழுகிய முட்டை வாடை அடித்தால் கீழே விஷக் காற்று இருக்கிறது என்று கணக்கு. உடனே எழுந்து இருபது அடி தள்ளிப் போய், நாலு மூச்சு நல்ல காற்றை இழுத்து விட்டு, திரும்பி வந்து மறுபடியும் படுப்பேன். அந்த நடைதான் முக்கியம். ஒரே இடத்தில் கிடந்தால் மூக்குக்கு எல்லாம் பழகிவிடும். தான் வைத்த குழம்பின் வாசனை அடுப்படியில் நிற்பவளுக்கே தெரியாமல் போகிறதல்லவா, அதைப் போல. இரண்டு முறை, மூன்று முறை நடந்து வந்து பார்த்து, முட்டை வாடை அடங்கியது என்று தெரிந்தால், மூடியின் மேல் கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அதற்கு அப்புறம்தான் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான்.

மூக்காக இருப்பவன் சிகரெட் பிடிக்கக் கூடாது, பொடி போடக் கூடாது, சட்டையில் அத்தர் தடவக் கூடாது. காலைத் தேநீரில் முதல் கோப்பை அவனுக்கு. எல்லாவற்றையும் விடப் பெரிய சலுகை, அவன் இறங்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஏனென்றால் அதற்கு முன் ஆறு வருடம் இறங்கியவன் நான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருமல் இருந்தது. காலையில் லாரி ஷெட்டுக்குள் வருவது யார் என்று பார்க்கத் திரும்ப வேண்டியதில்லை, இருமலை வைத்தே சொல்லிவிடலாம். நெஞ்சில் ஏறிய வாயுவைப் பால் கழுவிவிடும் என்று ஒரு நம்பிக்கை எங்களிடம் இருந்தது. ஆளுக்கு ஒரு டின் கெட்டிப்பாலை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். கம்பெனி டாக்டர் சிவப்பு மருந்து கொடுப்பார். அதைக் குடித்தால் தூக்கம் வரும், இருமல் போகாது. கடைசியில் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு வெளி டாக்டரிடம் போனேன். அவர் என் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். உள்ளே விசில் அடிக்கிறது, மூச்சுக் குழாய்கள் வீங்கிப் போயிருக்கின்றன, இனி இறங்கினால் சாகத்தான் போகிறாய் என்று சொல்லிவிட்டார். அந்த மாதமே எங்கள் பழைய மூக்கு வேலையை விட்டு நின்றார். மண்டோர், அதாவது எங்கள் மேஸ்திரி, என்னைப் படுக்க வைத்தார். எனக்கு நல்ல மூக்கு இருந்தது, உண்மையாகவே இருந்தது. எந்தக் குழியில் மீன் சந்தைத் தண்ணீர் கலக்கிறது, எதில் சாயப் பட்டறைத் தண்ணீர் கலக்கிறது என்று மேலே இருந்தபடியே சொல்வேன்.

அது எப்போது போனது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு வருஷம் பாலிக் புலாவிலிருந்து யாரோ டுரியான் பழம் கொண்டுவந்து ஷெட்டின் பின்னால் வெட்டி வைத்திருந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கும் வரை தெரியவில்லை. டுரியான் வாடை தெரியாதவன் இந்தத் தீவில் உண்டா? சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அடுப்படியை ஒட்டித்தான் எங்கள் வீட்டில் சாமி படம். விளக்கேற்றத் தீப்பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்தேன். பின்னால் குளித்துக்கொண்டிருந்த என் மனைவி, ஈரச் சேலையைச் சுற்றியபடி ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். குச்சி கீழே விழுந்தது. அவள் போய் கேஸ் சிலிண்டரை மூடினாள், கதவு ஜன்னலையெல்லாம் திறந்தாள், திரும்பி வந்து என் எதிரில் நின்றாள். வீடு முழுக்க கேஸ் நாறியதாம். கிணற்றடி வரைக்கும் வந்ததாம். நான் அதன் நடுவில் நின்று திரியைத் தூண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும். நான் யாருக்காகப் படுக்கிறேன் என்றும் தெரியும். அவளுடைய தம்பி எங்கள் கூட்டத்தில் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். அதை மூடிவிட்டார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நான்தான் மண்டோரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகி மூன்று மாதம். இறங்குகிற நாலு பேரில் அவனும் ஒருவன்.

நாளைக்கே மண்டோரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் கத்தினேன். சொன்னால் என்ன ஆகும், மறுபடியும் என்னைக் குழிக்குள் இறக்குவார்கள், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தாங்குவேன், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள், நீ எனக்குச் சோறு போடுவாயா என்று என்னென்னவோ கேட்டேன். மூக்கே இல்லாவிட்டாலும் கோபம் மட்டும் மூக்குக்கு மேலே வருகிறது என்றாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒரு தவணை வேண்டும் என்றேன். சீனப் பெருநாள் வரைக்கும் பொறு, அதற்குள் தவுக்கேயிடம் வாட்ச்மேன் வேலை ஏதாவது கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டாலும் அதற்கப்புறம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் கீழே கிடந்த தீக்குச்சியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு சரி என்றாள். என் மூச்சு இரவில் இழுப்பதை அவளும்தானே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அந்த இரண்டு மாதத்தை நான் எப்படி ஓட்டினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் இதையே எழுதுகிறேன். நான் முகங்களை மோந்தேன். குழி வாயில் படுத்துக்கொண்டு, மூச்சை இழுப்பது போல நடித்துவிட்டு, ஓரக் கண்ணால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்ப்பேன். எல்லோரையும் விட என் மச்சினனுடைய முகம்தான் இதற்கு வாகாக இருந்தது. சின்ன வாடைக்கும் கஷாயம் குடித்த பிள்ளை போலச் சுளிப்பான். கயிறு பிடிக்கிற சாக்கில் அவனை என் அருகில் நிறுத்திக்கொண்டேன். அவன் முகம் சுளித்தால் காத்திருப்பேன், சுளிப்பு மாறினால் மூடியைத் தட்டுவேன். நடப்பதை விட்டுவிட்டேன். நடந்து போய் வந்து எனக்கு என்ன தெரியப்போகிறது? நடந்து போகிற நேரத்தில் அவன் முகத்தையும் பார்க்க முடியாது. நான் நடக்காததை யாரும் கேட்கவில்லை. ஒன்றும் நடக்கவும் இல்லை. இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனதும், என் திறமையை நானே மெச்சிக்கொள்ளத் தொடங்கினேன். நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சீனப் பெருநாளுக்கு நாலு நாள் வேலை இல்லை. ஐந்தாம் நாள் காலை எங்களைச் சுங்கை பினாங் பக்கத்தில் ஒரு பம்பு ஹவுஸுக்குக் கூப்பிட்டார்கள். பெருநாளின் முதல் நாளே அங்கே பம்பு நின்றுபோயிருக்கிறது. கழிவு வந்து சேரும் கிணறு, மூடி திறக்காமல், நாலு நாளாக அப்படியே நின்றிருந்தது. பக்கத்து வீடுகளில் குளியலறை வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது என்று தவுக்கேக்குப் போன் மேல் போன். அவரே காடியை ஓட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நல்ல வெயில், காற்றே இல்லை. மூடியைத் தூக்கியதும் எல்லோரும் நாலு அடி பின்னால் போனார்கள். நான் போய்ப் படுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் சூடு மட்டும் முகத்தில் ஏறியது. திரும்பி மச்சினனைப் பார்த்தேன். அவன் அதுவரை சுளிக்காத மாதிரி சுளித்தான், துண்டால் மூக்கை மூடினான், கண்ணில் தண்ணீர் வந்தது. கையைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னேன். யாரோ இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்கள். தவுக்கே ரோட்டிலிருந்து மண்டோரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் முகம் இளகியது. துண்டை இறக்கினான். மூச்சை இழுத்துப் பார்த்தான். அதுவரை நான் யாரையும் வாய் விட்டுக் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. இப்போது பரவாயில்லை என்றான். நான் இரண்டு தட்டுத் தட்டினேன்.

தட்டிய பிறகுதான், அன்றைக்கு இறங்க வேண்டியவன் வரவில்லை என்றும், அவனுக்குப் பதிலாக என் மச்சினன் இறங்குகிறான் என்றும் தெரிந்தது. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அரை நிமிடம் எனக்கு இருந்தது. இரு, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எதை வைத்துப் பார்ப்பது? என் மூக்கே அவன்தான், அவனே பரவாயில்லை என்று சொல்லிவிட்டான். தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எப்படியும் மண்டோரிடம் சொல்லிவிடப் போகிறோம், இதுதானே கடைசி என்று நினைத்தேன். இதை நினைத்ததுகூட எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

அவன் ஏணியில் இறங்கினான். தலை மறைந்தது. நாலைந்து படி கழித்து அவன் குரல் வந்தது.

"மாமா, இங்க ஒண்ணும் வாடையே இல்ல லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டை வாடை அடங்கலாம். ஆனால் நாலு நாள் மலம் கிடந்த கிணற்றுக்குள் ஒருவனுக்கு ஒரு வாடையும் இல்லை என்றால், காற்று சுத்தமாகவில்லை, அவன் மூக்கு செத்துவிட்டது. மேலே வந்துவிடு என்று கத்தினேன். பாதிக் கத்தலில் கயிறு கையை வெட்டிக்கொண்டு ஓடியது.

நாலு பேராகப் பிடித்து இழுத்தோம். ஏணியின் விளிம்பில் அவன் தோள் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நான் கயிற்றை விட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தேன். மண்டோர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளி, என் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அறுபது வயது இருக்கும். நீயும் போனால் இரண்டு பிணம் என்று மட்டும் சொன்னார். அவருடைய கனத்துக்கு அடியில் கிடந்து, என் நெஞ்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே, மற்றவர்கள் கயிற்றைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி இழுப்பதைப் பார்த்தேன். அவன் வெளியே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. வாயிலிருந்து ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. லாரியின் பின்னால் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. அவன் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க, என் கன்னத்தை அவன் வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். கையில் ரேடியோ போல ஒரு சின்னப் பெட்டி. அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டதும் அலறியது. பிறகு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் முட்டை நாற்றம் அடிக்கும், அதிகமாக இருந்தால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், பிறகு நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும், எப்பேர்ப்பட்ட மூக்கும் இதில் ஏமாந்துதான் போகும் என்றார். என்னைப் பார்த்து, உன் மேல் தப்பு இல்லை என்று சொன்னார். மண்டோர் என் முதுகைத் தட்டினார்.

வாக்குமூலம் எழுதியவர் தவுக்கேயின் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துப் பெரியவர். எழுதுவதில் படு கறார். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்தார்.

"நீர் வழமைபோல நடந்து போய் வந்துதானே மணந்து பாத்தனீர்?"

ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டு காகிதத்தைத் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் உடம்பெல்லாம் லேசாகி, பசி எடுத்தது. அப்படிப் பசித்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பத்து நாள் கழித்து நானே போய் அந்தக் காகிதத்தை மாற்றி எழுதச் சொன்னதும், கிராணி என்னை ஏசியதும், வேலை போனதும் உண்மைதான். ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு அப்புறம் வேறு வழி இருக்கவில்லை.

ஆறு நாள் அவனுக்குப் பேச்சு இல்லை. உயிர் தப்பிவிட்டான், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகாது, கனமான வேலை இனி முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பெண்டாட்டி வாசல் பெஞ்சிலேயே கிடந்தாள். எங்கள் வீட்டிலோ, என் மனைவி சமைத்தாள், கஞ்சி வைத்தாள், ஆஸ்பத்திரிக்கு வந்தாள், போனாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஏசவும் இல்லை. அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் சாயங்காலம் நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஃபிளாஸ்க்கைக் கழுவ வெளியே போயிருந்தாள். அவன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் கொஞ்சம் தூக்கினான்.

"மாமா, அன்னிக்கு நீங்க நடக்கல."

அவன் மூச்சு வாங்கினான், மூடியை வைத்து எடுத்தான்.

"கொஞ்ச நாளாவே நீங்க நடக்கறது இல்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நடக்காமலே தெரியுற அளவுக்கு மூக்கு பழகிடுச்சின்னு நெனச்சேன். பசங்ககிட்ட கூட பெருமையா சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்கு மூக்கே இல்லை என்று சொன்னேன். கேஸ் நாறியது தெரியாமல் விளக்கேற்றப் போனதைச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் தட்டினேன் என்பதையும், கிராணியிடம் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவன் கண்ணை மூடவும் இல்லை, குறுக்கே பேசவும் இல்லை. என்னைத் திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தாய் இல்லாத அவனை வளர்த்தவள் அவள்தான்.

என் முதுகுக்குப் பின்னால் ஃபிளாஸ்க்கின் மூடி சத்தம் கேட்டது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"தெரியும்டா தம்பி," என்றாள். "ரெண்டு மாசமா தெரியும். பெருநா வரைக்கும் போவட்டும்னு நான்தான் விட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மூடியை முகத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் கட்டிலைச் சுற்றிப் போய், கோப்பையில் கஞ்சியை ஊற்றி, அவன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும் வரை நின்றாள். அன்றைக்கு அவன் அதைக் குடிக்கவில்லை.